நாள் கணக்கும் ஆள் கணக்கும்: வீட்டு ஹாட் டப்பைப் பேணுதல்

ஹாட் டப் வாங்கும்போது கூடவே வரும் கையேட்டில் பராமரிப்பு என்பது ஒரு நாட்காட்டியாகவே அச்சாகியிருக்கும். வாரம் இரு முறை தண்ணீரைச் சோதிக்கவும்; வாரம் ஒரு முறை ஃபில்டரை அலசவும்; மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றவும். டொராண்டோ சுற்றுவட்டாரத்தில், மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் பிராம்ப்டனிலும், பின்வளவில் ஹாட் டப் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலர் கடைக்காரர் சொன்ன இந்த அட்டவணையை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். அட்டவணை தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீருக்குத் தேதி தெரியாது. எத்தனை பேர் இறங்கினார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், உடம்பில் என்ன பூசியிருந்தார்கள் என்பவைதான் அதன் நிலையை முடிவு செய்கின்றன. கடந்த ஐம்பது ஆண்டுகளின் நோய்ப் பரவல்கள், குளோரினின் வேதியியல், நாட்டுக்கு நாடு மாறும் விதிகள் ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், வீட்டு ஹாட் டப் விஷயத்தில் முதலில் மாற வேண்டியது இந்த நாள் கணக்குதான் என்று படுகிறது.

ஹாட் டப்பின் வரலாறு நீளமானது இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் விமான உந்துவிசிறிகளும் கிணற்றுப் பம்புகளும் செய்துவந்த ஜக்கூஸி என்ற இத்தாலியக் குடும்பம், கேண்டிடோ ஜக்கூஸியின் மகன் கென்னத்துக்குச் சிறு வயதிலேயே வந்த முடக்குவாதத்துக்காக, குளியல் தொட்டிக்குள் வைக்கும் பம்பு ஒன்றை உருவாக்கி 1956இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1968இல் அதே குடும்பத்தின் ராய் ஜக்கூஸி, தண்ணீரைப் பீச்சும் ஜெட்டுகளைத் தொட்டியின் சுவருக்குள்ளேயே பொருத்தினார். ஏறத்தாழ அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் வேறொரு கூட்டம், பழைய மரத் தொட்டிகளில் வெந்நீர் நிரப்பி வீட்டுக்கு வெளியே உட்காரத் தொடங்கியிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் இன்றைய அக்ரிலிக் தொட்டி. சுவருக்குள் ஜெட்டுகளைப் பொருத்தியபோது, கைக்கும் பிரஷுக்கும் எட்டாத மீட்டர் கணக்கான குழாய்களும் தொட்டியோடு வந்து சேர்ந்தன. பராமரிப்பின் பெரும் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஹாட் டப்பைச் சிறிய நீச்சல் குளம் என்று நினைப்பதிலிருந்துதான் பல பிழைகள் வருகின்றன. வீட்டு நீச்சல் குளம் ஒன்றில் 75,000 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹாட் டப்பில் இருப்பது 1,500 லிட்டர். அதில் நான்கு பேர் இறங்குவது, அந்தக் குளத்தில் ஒரே நேரத்தில் 200 பேர் இறங்குவதற்குச் சமம். வெந்நீரில் வியர்வை கூடுகிறது. காற்றுக் குமிழிகள் குளோரினை வேகமாக வெளியேற்றுகின்றன, சூடும் அதை வேகமாகச் சிதைக்கிறது. குளத்தில் காலையில் போட்ட குளோரின் மாலை வரை தாங்கும். ஹாட் டப்பில் நான்கு பேர் அரை மணி நேரம் இருந்து எழுந்தால், போட்டதெல்லாம் தீர்ந்திருந்தாலும் வியப்பதற்கில்லை.

அப்படித் தீர்ந்துபோகும்போது என்ன நடக்கும் என்பதற்கு மருத்துவப் பதிவுகள் நிறைய இருக்கின்றன. மிகச் சாதாரணமானது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவால் வரும் தோல் தடிப்பு. மயிர்க்கால்களில் சிவந்த கொப்புளங்களாகச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கிளம்பும். நீச்சலுடைக்குள் ஈரம் தேங்கிய இடத்தில் அதிகமாக இருக்கும். பெரும்பாலோருக்குத் தானாகவே ஆறிவிடும். அமெரிக்காவில் இதை ஹாட் டப்பைப் போன்ற சுழல்நீர்த் தொட்டியோடு இணைத்துக் காட்டிய மருத்துவக் குறிப்பு 1975லேயே வந்துவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு பேர் முதுகில் தடிப்பு வந்தால் வேர்க்குரு என்றோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றோ சொல்லிக் களிம்பு தடவிக்கொள்வார்கள். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

கவலைப்பட வேண்டியது லெஜியோனெல்லா. 1976 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர் சங்கத்தினர் அடுத்தடுத்து நிமோனியாவில் விழுந்தனர். அவர்களில் 29 பேர் இறந்தனர். அடுத்த ஜனவரியில் ஆய்வாளர்கள் ஜோசப் மெக்டேடும் சார்லஸ் ஷெப்பர்டும் அதற்குக் காரணமான இந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். இது வளர்வதற்கு ஏற்ற வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 45 டிகிரி செல்சியஸ். ஹாட் டப்பை நாம் வைத்திருப்பது 37இலிருந்து 40 வரை. இது உண்டாக்கும் நோய் தண்ணீரைக் குடிப்பதால் வருவதில்லை. ஜெட் கிளப்பும் நுண்திவலைகளை மூச்சில் இழுப்பதால் கிருமி நுரையீரலுக்குள் போகிறது. ஆகவே தொட்டிக்குள் இறங்காதவரையும் தாக்கும்.

இதற்கு நெதர்லாந்தில் 1999 பிப்ரவரியில் நடந்ததைவிடக் கொடிய சான்று இல்லை. போவன்கார்ஸ்பல் ஊரின் மலர்க் கண்காட்சியில், வீட்டுப் பொருள்கள் விற்கும் அரங்கில் காட்சிக்கு ஓடவிட்டிருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து கிருமி பரவியது. ஏறத்தாழ 190 பேர் நோயுற்றார்கள். 32 பேர் இறந்தார்கள். அவர்கள் தொட்டியில் குளித்தவர்கள் இல்லை, பக்கத்தில் நடந்து போனவர்கள். இருபது ஆண்டு கழித்து, 2019 செப்டம்பரில், வட கரோலினாவின் ஃப்ளெட்சரில் நடந்த மலைநாட்டுச் சந்தையிலும் ஹாட் டப்புகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அங்கே 130க்கும் மேற்பட்டோருக்கு அதே நோய் வந்தது, நால்வர் இறந்தனர். 1994இல் ஹொரைசன் என்ற பயணக் கப்பலில் 50 பேருக்கு நோய் வந்தபோது, கப்பலின் சுழல்நீர்த் தொட்டிக்குரிய மணல் ஃபில்டரில் கிருமி கிடைத்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 2000 முதல் 2014 வரையிலான குளம், ஹாட் டப், நீர் விளையாட்டிடப் பரவல்களைத் தொகுத்து 2018இல் வெளியிட்டது. மொத்தம் 493 பரவல்கள், 27,219 பேர், எட்டு மரணம். அந்த எட்டில் குறைந்தது ஆறு லெஜியோனெல்லாவால் நேர்ந்தவை.

இவையெல்லாம் பொது இடங்களில் நடந்தவை, வீட்டுக்கு ஏன் என்று கேட்கலாம். பாக்டீரியாவுக்குத் தொட்டியின் உரிமையாளர் யார் என்பது பொருட்டில்லை. பொது இடத்தில் சுகாதார ஆய்வாளர் வருவார், பதிவேடு இருக்கும். வீட்டில் அந்தப் பொறுப்பு முழுவதும் நம் தலையில். ஐம்பதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோரை இந்த நோய் கடுமையாகத் தாக்கும். மூட்டு வலிக்கு இதமாக இருக்கும் என்று நாம் ஹாட் டப்பில் உட்கார வைக்கும் அப்பம்மாவும் தாத்தாவும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

சரி, என்ன செய்வது? சிடிசி சொல்லும் அளவு எளிது. தனிக் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம், புரோமின் என்றால் குறைந்தது 4, பி.எச். 7.0 முதல் 7.8, வெப்பம் 40 டிகிரிக்கு மேல் கூடாது. பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி பி.எச். அளவை 7.0 முதல் 7.6 என்று இன்னும் சற்று இறுக்குகிறது. இந்த இறுக்கத்துக்குக் காரணம் உண்டு. தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கும். கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமில வடிவம். மற்ற வடிவம் ஏறக்குறையச் சோம்பேறி. பி.எச். 7.2இல் மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யும் வடிவத்தில் இருக்கும், 7.5இல் பாதி இருக்கும், 8ஐத் தொட்டால் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். சோதனையில் குளோரின் 3 என்று காட்டும், ஆனால் வேலைக்கு வருவது முக்கால் மில்லிகிராம்தான். குளோரினை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஹாட் டப்பில் பி.எச். எப்போதும் ஏறிக்கொண்டே போகும். ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி மருந்துச் செலவு மிச்சம். தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு அதைச் சற்றே அமிலமாக வைத்திருக்கிறது. ஜெட் ஓடும்போது, குலுக்கித் திறந்த சோடாப் போத்தலில் நடப்பதுபோல், அந்த வாயு வெளியேறுகிறது. அமிலம் குறைய பி.எச். ஏறுகிறது. மொத்தக் காரத்தன்மை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வாயு வெளியேறக் காத்திருக்கிறது என்று பொருள். காரத்தன்மையை லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை வைக்கும்படி வழக்கமாகச் சொல்கிறார்கள். அதில் 120ஐ எட்டிப் பிடிக்க ஒவ்வொரு வாரமும் பேக்கிங் சோடா போடுவதும், ஏறிய பி.எச்.ஐ இறக்க அமிலம் போடுவதும், அமிலத்தால் இறங்கிய காரத்தன்மையை ஏற்றத் திரும்பவும் சோடா போடுவதுமாகச் சிலர் மாதக் கணக்கில் சுற்றுகிறார்கள். ஜெட் அதிகம் ஓடும் தொட்டியில் காரத்தன்மையை 80க்கு அருகிலேயே விட்டுவிட்டால் பி.எச். தானாக அடங்கும். கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கடையில் சொல்லாத இன்னொன்று சயனூரிக் அமிலம். வீட்டு ஹாட் டப்புக்கென்று பெரும்பாலும் விற்கப்படுவது டைகுளோர் என்னும் தூள். எளிதில் கரையும், பி.எச்.ஐப் பெரிதாக அலைக்கழிக்காது. ஆனால் அது 10 பங்கு குளோரினைத் தரும்போது 9 பங்கு சயனூரிக் அமிலத்தையும் விட்டுச் செல்கிறது. குளோரின் தீர்ந்துபோகும், இந்த அமிலம் போகாது. நாளொன்றுக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்று போட்டுவந்தால் ஐந்தாறு வாரத்தில் அது 100ஐத் தொடும். திறந்தவெளிக் குளத்தில் வெயிலிலிருந்து குளோரினைக் காப்பது அதன் வேலை. மூடி போட்ட ஹாட் டப்பில் காப்பதற்கு வெயில் இல்லை. குளோரினைக் கட்டிப்போட்டு அதன் கொல்லும் வேகத்தைக் குறைப்பதுதான் மிஞ்சும். ஹாட் டப்பில் சயனூரிக் அமிலம் கலந்த குளோரினைப் பயன்படுத்த வேண்டாம் என்பது சிடிசியின் நிலை. கடை அலமாரியோ டைகுளோரால் நிரம்பியிருக்கிறது. அனுபவப்பட்ட வீட்டுக்காரர்கள் பலர் நடுவழி ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். புதிதாகத் தண்ணீர் நிரப்பிய முதல் சில நாள் டைகுளோர், சயனூரிக் அமிலம் 30ஐ எட்டியதும் வாசனையோ வேறு சேர்க்கையோ இல்லாத சாதாரணத் திரவ பிளீச். தினமும் அளந்து ஊற்றும் பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல முறை என்பேன். குளத்துக்கு விற்கும் டிரைகுளோர் வில்லைகளை ஹாட் டப்பில் போடவே கூடாது. கடும் அமிலமாகிய அவை மெல்லக் கரைந்து, கிடக்கும் இடத்தில் தொட்டியையும் சூடாக்கியையும் அரிக்கும்.

புரோமின் சற்று வேறு. பி.எச். 8ஐ நெருங்கினாலும் அதன் பெரும் பகுதி வேலை செய்யும் வடிவத்திலேயே இருக்கும். வியர்வையோடு சேர்ந்து உண்டாகும் புரோமமீன்களும் கிருமியைக் கொல்லும். குளோரினிலிருந்து அதேபோல் உண்டாகும் குளோரமீன்கள் அந்த வேலையை ஏறக்குறையச் செய்வதே இல்லை, கண்ணை எரிப்பதும் மூக்கைத் துளைப்பதும்தான் அவற்றின் வேலை. ஹாட் டப்பில் வரும் கடும் 'குளோரின் வாடை' உண்மையில் குளோரமீனின் வாடை. மருந்து அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் குறைப்பவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். வாரம் இரண்டு மூன்று நாள் மட்டும் தொட்டியைத் திறக்கும், தினமும் சோதிக்க நேரமில்லாத குடும்பத்துக்கு மிதவையில் புரோமின் வில்லை போட்டு வைப்பது பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. உப்பு முறை என்று விற்கப்படுவதும் உப்பிலிருந்து குளோரினையோ புரோமினையோ மின்சாரத்தால் உண்டாக்கும் கருவிதான். குளோரின் இல்லாத முறை என்பது விளம்பரம். ஓசோனும் புற ஊதா விளக்கும் தம் வழியாகக் கடந்துபோகும் தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன. தொட்டிக்குள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பிலிருந்து வருவதை அந்தக் கணமே கொல்ல அவற்றால் ஆகாது. துணைக்கு நல்லவை, தனியே போதாதவை.

இவ்வளவும் சோதனை சரியாக இருந்தால்தான். பட்டைச் சோதனை விரைவானது, ஆனால் வண்ணங்களை அந்தி வெளிச்சத்தில் ஒப்பிடுவது கண்கட்டு. சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி அதைவிட மேல். சிறு குழாயில் 10 மில்லிலிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்து டிபிடி தூளைச் சேர்த்தால், குளோரின் இருக்கும் அளவுக்கு ரோஜா நிறம் ஏறும். பிறகு ஒவ்வொரு சொட்டாக இரண்டாம் மருந்தை விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால், ஒரு சொட்டில் நிறம் சட்டென்று மறையும். எத்தனை சொட்டு என்று எண்ணி, பெட்டியில் சொன்ன எண்ணால் பெருக்கினால் அளவு கிடைத்துவிடும். வண்ணத்தை ஊகிக்கும் வேலையே இல்லை. ஒரே ஓர் எச்சரிக்கை. வண்ணத்தை அட்டையோடு ஒப்பிடும் டிபிடி சோதனையில் குளோரின் மிக அதிகமாக இருந்தால் மருந்தின் நிறமே வெளுத்துப்போய்க் குளோரின் பூஜ்யம் என்பதுபோல் தெரியும். அதை நம்பி மேலும் குளோரின் கொட்டியவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் பாதித் தண்ணீருக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து மறுபடி பார்க்க வேண்டும். சோதனை செய்ய வேண்டிய நேரம் இறங்குவதற்கு முன். எழுந்த பின்னும் ஒரு முறை பார்த்து, தீர்ந்ததை நிரப்பிவிட்டு, மூடியைச் சற்று நேரம் திறந்து வைத்து வாயுவைப் போகவிட்டு மூட வேண்டும்.

ஃபில்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மடிப்பு மடிப்பான பாலியஸ்டர் துணியை வாரம் ஒரு முறை தோட்டக் குழாயால், மடிப்பை விரலால் விரித்து, மேலிருந்து கீழாக அலச வேண்டும். அழுத்தத் தண்ணீர் இயந்திரம் நாரைக் கிழித்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் தொட்ட ஃபில்டர் நாள்கணக்கில் நுரை கக்கும். மாதம் ஒரு முறை எண்ணெய்ப் பசை நீக்கும் கரைசலில் ஊறப்போடுவது நல்லது. சுண்ணாம்புப் படிவுக்கு அமிலக் கழுவல் தேவைப்பட்டால் அதற்கு முன் எண்ணெயை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அமிலம் எண்ணெயை நாரிலேயே இறுக்கிவிடும். இரண்டு செட் ஃபில்டர் வைத்து, ஒன்று ஊறும்போது மற்றதை மாட்டுகிறவர்களுக்கு இந்த வேலை சுமையாவதில்லை.

எண்ணெய் என்றதும் நம் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கனடாவின் குளிர்காலத்தில் தோல் வெடிக்கிறது என்று உடம்பு முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். சனிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்கும் பல வீடுகளில் தொடர்கிறது. தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிய பிள்ளைகள் அப்படியே தொட்டிக்குள் குதிக்கிறார்கள். அந்த எண்ணெய் குளோரினைத் தின்னும், நீர்மட்டக் கோட்டில் பிசுக்காக ஒட்டும், ஃபில்டரின் துளையை அடைக்கும், குழாயின் உள்சுவரில் படலமாகப் படியும். மேல்நாட்டுக் கையேடுகள் சன்ஸ்கிரீனையும் அழகுக் களிம்பையும் மட்டுமே எழுதும். நல்லெண்ணெய் அவற்றின் நினைப்பில் இருக்காது. எண்ணெய் வைத்த நாளில் ஹாட் டப் வேண்டாம் என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிடலாம். மற்ற நாளில், இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே உடம்பில் இருக்கும் அழுக்கின் பெரும் பகுதி போய்விடுகிறது. நீச்சலுடையைச் சோப்புத்தூள் இல்லாமல் வெறும் தண்ணீரில் அலசினால் நுரைத் தொல்லை பாதியாகக் குறையும். நுரை அடக்கும் மருந்து நுரையை மறைக்கும், நுரைக்குக் காரணமானது தண்ணீரிலேயே இருக்கும்.

இனிக் குழாய். தண்ணீர் படும் எந்தப் பரப்பிலும் பாக்டீரியாக்கள் வழவழப்பான ஒரு பசையைச் சுரந்து அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கும். அந்தப் பசையின் அடியில் இருக்கும் பாக்டீரியாவைச் சாதாரண அளவு குளோரின் எட்டுவதில்லை. லெஜியோனெல்லா அங்கு மேயவரும் அமீபாக்களுக்குள் புகுந்து பெருகும் என்பதை 1980இல் இங்கிலாந்தின் டி. ஜே. ரோபாத்தம் காட்டினார். ஒருவர் தண்ணீரை மாற்றி, தொட்டியை மைக்ரோஃபைபர் துணியால் பளபளவென்று துடைத்து, புதுத் தண்ணீர் நிரப்பினாலும், குழாய்க்குள் பழைய குடித்தனம் அப்படியே இருந்தால் இரண்டாம் நாளே குளோரின் காரணமில்லாமல் மறையத் தொடங்கும். அதற்குத்தான் தண்ணீரை வெளியேற்றும் முன் குழாய் கழுவும் மருந்து ஊற்றுவது. ஃபில்டர்களைக் கழற்றிவிட்டு, பழைய வெந்நீரிலேயே மருந்தை ஊற்றி, எல்லா ஜெட்டுகளையும் திறந்து ஓடவிட வேண்டும். சிறிது நேரத்தில் தண்ணீர்ப் பரப்பில் பழுப்பு நுரை ஒதுங்கும். அதோடு ஈரக் காகிதத் துணுக்குகள்போல் சாம்பல் நிறச் செதில்கள் ஜெட் வாயிலிருந்து வரும், விரலில் எடுத்தால் வழுக்கும். முந்தின நாள்வரை கண்ணாடிபோல் இருந்த தண்ணீரில், வாசனையே இல்லாமல், இத்தனையும் ஒளிந்திருந்தது என்பதை ஒரு முறை பார்த்தவர் அடுத்த முறை இந்தப் படியைத் தாண்டிப் போக மாட்டார். பிறகு பிரேக்கரை அணைத்துவிட்டுத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அணைக்காமல் விட்டால் சூடாக்கி வறட்டில் எரிந்துபோகும். குழாய்களின் தாழ்வான வளைவுகளில் தங்கும் பழைய தண்ணீரை ஈரம் இழுக்கும் வாக்குவத்தால் உறிஞ்சி எடுக்கலாம். புதுத் தண்ணீரை ஃபில்டர் கூட்டின் வழியாக நிரப்பினால் பம்பில் காற்று அடைத்துக்கொள்ளாது.

எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு வருவோம். பொது இடச் சுழல்நீர்த் தொட்டிகளுக்காக அமெரிக்காவில் ஒரு வாய்பாடு புழங்குகிறது. தொட்டியின் கேலன் கொள்ளளவை மூன்றால் வகுத்து, அதைத் தினசரி குளிப்பவர் எண்ணிக்கையால் வகுத்தால் எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று வரும். லிட்டரில் சொன்னால், கொள்ளளவை 11.4ஆல் வகுத்தால் அந்தத் தண்ணீர் தாங்கும் ஆள்முழுக்குகளின் எண்ணிக்கை. 1,500 லிட்டர் தொட்டிக்கு அது சுமார் 130. கணவனும் மனைவியும் தினமும் இறங்கினால் இரண்டு மாதம். ஐந்து பேர் குடும்பம் தினமும் இறங்கினால் நான்கு வாரம்கூட இல்லை. பிறந்தநாள் விழாவுக்கு வந்த பன்னிரண்டு பேர் மாறி மாறி இறங்கினால், ஒரே நாளில் பத்தில் ஒரு பங்கு ஆயுள் போயிற்று. ஒருவர் மட்டும் வாரம் இரு முறை பயன்படுத்தும் தொட்டிக்கு இந்தக் கணக்கு ஓராண்டைத் தாண்டும். அங்கே மட்டும் நாட்காட்டி சொல்லும் நான்கு மாதத்தை மேல்வரம்பாக வைத்துக்கொள்வது நியாயம், ஏனென்றால் மருந்துகளின் எச்சம் ஆள் இறங்காமலும் சேர்கிறது. மூடியின் உள்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

பிரிட்டனின் 2017 வழிகாட்டியும் இதே திசையில்தான் நிற்கிறது. வீட்டு வகைத் தொட்டியை விடுமுறை விடுதியில் வாடகைக்கு விட்டால், ஒவ்வொரு குழுவும் போன பிறகு தண்ணீரை வெளியேற்றி, சுத்தம் செய்து, மறுபடி நிரப்ப வேண்டும் என்கிறது. அதே தொட்டி, அதே ஃபில்டர். வீட்டில் இருந்தால் கையேடு மூன்று மாதம் என்கிறது. வந்து போகும் ஆள்களைத் தவிர வேறெந்த வித்தியாசமும் இல்லை. வெந்நீர்க் குளியலில் நீண்ட மரபுள்ள ஜப்பான் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2002இல் மியாஸாகி மாகாணத்தின் ஹ்யூகா நகரக் குளியலகத்தில் கிட்டத்தட்ட 300 பேர் நோயுற்று ஏழு பேர் இறந்தனர். தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றிப் பயன்படுத்தும் குளியலகங்கள் வாரம் ஒரு முறையாவது முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும் என்பது அங்கே விதி. 2023இல் ஃபுகுவோகா மாகாணத்தின் பழமையான விடுதி ஒன்று ஆண்டுக்கு இரண்டே முறை தண்ணீரை மாற்றிவந்தது வெளியாயிற்று. அங்கே லெஜியோனெல்லா அனுமதித்த அளவைப்போல் 3,700 மடங்கு வரை இருந்தது.

உள்ளூர்த் தண்ணீரும் கணக்கில் வர வேண்டும். டொராண்டோவுக்கு ஒன்டாரியோ ஏரியிலிருந்து வரும் தண்ணீர் மிதமான கடினத்தன்மை உடையது, பெரிதாக ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. கிச்னர், குவெல்ஃப் பக்கம் நிலத்தடி நீர் மிகக் கடினம். சூடாக்கியில் சுண்ணாம்பு படியும், தொட்டிச் சுவர் சொரசொரப்பாகும், அந்தச் சொரசொரப்பில் பசைப்படலம் வசதியாக ஒட்டிக்கொள்ளும். ஜனவரி உறைபனியில் தண்ணீரை வெளியேற்றுவது ஆபத்து. குழாயில் மிஞ்சியது உறைந்து வெடிக்கும். பனிக்கு முன் நவம்பரில் ஒரு மாற்றம், உருகிய பின் ஏப்ரலில் ஒன்று, இடையில் குளிர்கால விருந்தினரை எண்ணிக்கையோடு அழைப்பது என்று திட்டமிட வேண்டியிருக்கிறது. வெளியேற்றும் தண்ணீரைத் தெருவின் மழைநீர் வடிகாலில் விடக்கூடாது. அது சுத்திகரிப்பு இல்லாமல் நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது, சிறிதளவு குளோரினும் மீனைக் கொல்லும். மருந்து சேர்ப்பதைச் சில நாள் முன்பே நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, சோதனையில் குளோரின் இல்லை என்று கண்ட பிறகு, மாநகராட்சி சொல்லும் வழியில் வெளியேற்ற வேண்டும்.

மருந்துகளைக் கையாள்வதில் உள்ள ஆபத்துக்கு ஒரு பத்தியாவது தனியே வேண்டும். குளோரினும் அமிலமும் கலந்தால் நச்சு வாயு எழும். ஒருவகைக் குளோரின் தூளில் இன்னொரு வகை கலந்தால் தீப்பற்றலாம், வெடிக்கலாம். ஒரே கரண்டியை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். எப்போதும் தண்ணீரில் மருந்தைப் போடுங்கள், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். மருந்து அல்லாத ஆபத்தும் உண்டு: பம்புக்குத் தண்ணீர் போகும் உறிஞ்சுவாயின் மூடி உடைந்திருந்தால் அது சரியாகும்வரை யாரும் இறங்கக் கூடாது. 2002இல் முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி, ஏழு வயது வர்ஜீனியா கிரேம், ஹாட் டப்பின் உறிஞ்சுவாயில் சிக்கி இறந்தாள். அவள் பெயரில்தான் 2007இல் குளம், ஸ்பா பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாதம் ஒரு முறை அந்த மூடியைக் கையால் அசைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஹாட் டப்பில் விடாதீர்கள். தொட்டியின் மூடியைப் பூட்டி வையுங்கள்.

நம்மவர்கள் பலர் முதன்முதலாக ஹாட் டப்பில் இறங்குவது சொந்த வீட்டில் இல்லை. மஸ்கோகா பக்கமோ கவர்த்தா பக்கமோ நீண்ட வார இறுதிக்கு மூன்று குடும்பமாகச் சேர்ந்து எடுக்கும் காட்டேஜில். அங்கே முந்திய வாரம் யார் இருந்தார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்பது நமக்குத் தெரியாது. சோதனைப் பட்டைப் புட்டி ஒன்று கைப்பையில் இருந்தால், போய்ச் சேர்ந்ததும் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிடலாம். குளோரினோ புரோமினோ குறைவாகக் காட்டினாலோ, பி.எச். 7.8ஐத் தாண்டியிருந்தாலோ, சுவர் கையில் வழுக்கினாலோ உரிமையாளரைக் கூப்பிட்டு, தண்ணீரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், அதற்குப் பிறகு எத்தனை குழு தங்கியது என்று இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டாவதற்குப் பதில் வராவிட்டால் அந்த வார இறுதிக்கு ஏரியே போதும்.